96 சதவீதம், எந்தக் கேள்விக்கு? – பார்க்கின்சன் ஸ்கேன் பற்றிய ஒரு கட்டுரையைப் படித்தபோது

இந்த முறை ஒரே ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையை எடுத்துக்கொள்கிறேன். 2014இல் ‘எக்ஸ்பர்ட் சிஸ்டம்ஸ் வித் அப்ளிகேஷன்ஸ்’ இதழில் வந்தது. எழுதியவர்கள் ஆர். பிரசாந்த், சுமந்திரா தத்தா ராய், பிரவத் மண்டல், சாந்தனு கோஷ். டில்லி ஐ.ஐ.டி.யும் மானேசரில் இருக்கும் தேசிய மூளை ஆராய்ச்சி மையமும் சேர்ந்த வேலை. மூளையை ஸ்பெக்ட் ஸ்கேன் எடுத்து, அதில் கிடைக்கும் எண்களை ஒரு கணினி மாடலுக்குக் கொடுத்தால், ஆரம்பநிலைப் பார்க்கின்சன் நோயாளி யார், ஆரோக்கியமானவர் யார் என்று 96 சதவீதத்துக்கு மேல் சரியாகப் பிரித்துவிடும் என்பது கட்டுரையின் முடிவு.

பழைய கட்டுரையை இப்போ ஏன் கிளற வேண்டும்? இதே அச்சில் வார்த்த கட்டுரைகள் இன்றுவரை வந்துகொண்டே இருக்கின்றன. அதே தரவு, அதே இரண்டு குழுக்கள், மாடல் மட்டும் இன்னும் பெரிது. எண் 97 ஆகும், 98 ஆகும். பிறகு அது செய்தியாகி, ‘ஏ.ஐ. ஸ்கேனைப் பார்த்தே கண்டுபிடித்துவிடும்’ என்று வாட்ஸ்அப்பில் நம் வீட்டுக்கே வந்துவிடுகிறது. மூலத்தை ஒருமுறை பொறுமையாகப் படித்துவிட்டால் மற்றவற்றைப் படிப்பது சுலபம்.

வழக்கமான எச்சரிக்கை: நான் டாக்டர் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷமாக சாஃப்ட்வேரில் குப்பை கொட்டுகிறவன். மூளையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதுதான். ஆனால் ஒரு மாடலை எப்படிச் சோதிக்க வேண்டும், எந்த இடத்தில் அது நம்மை ஏமாற்றும் என்பது என் பிழைப்பு. அந்த எல்லைக்குள் நின்றுதான் பேசுகிறேன்.

முதலில், அந்த ஸ்கேன் எதைப் பார்க்கிறது?

சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டும் மூளையின் உருவத்தைக் காட்டும். பார்க்கின்சனின் ஆரம்பத்தில் உருவம் பெரிதாக மாறுவதில்லை. அதனால் சாதாரண எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் ‘நார்மல்’ என்றே வரும். நார்மல் என்று வந்ததால் நோய் இல்லை என்று அர்த்தம் கிடையாது. இதை நிறைய பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்.

ஸ்பெக்ட் வேறு ரகம். டோபமைன் சுரக்கும் நரம்பு முனைகளில், சுரந்த டோபமைனைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள ஒரு புரதம் இருக்கிறது. டோபமைன் டிரான்ஸ்போர்ட்டர் என்று பெயர். அதில் போய் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்க மருந்தை நரம்பில் ஏற்றி, சில மணி நேரம் கழித்துப் படம் எடுப்பார்கள். முனைகள் நன்றாக இருந்தால் மூளையின் நடுவில் இரண்டு பக்கமும் காற்புள்ளி மாதிரி ஒளிரும். பார்க்கின்சனில் காற்புள்ளியின் வால் (புட்டமென் என்ற பகுதி) முதலில் மங்கும். பொதுவாக ஒரு பக்கம் கூடுதலாக மங்கும். தலை (காடேட்) கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். அப்போ காற்புள்ளி முற்றுப்புள்ளி ஆகிவிடும்.

இந்த மங்கலை எண்ணாக்கினால் கிடைப்பதுதான் எஸ்.பி.ஆர். என்ற விகிதம். ஒளிரும் பகுதியின் அளவை, டிரான்ஸ்போர்ட்டர் அதிகம் இல்லாத பின்மூளைப் பகுதியின் அளவால் வகுத்து ஒன்றைக் கழித்தால் போதும். இடது காடேட், வலது காடேட், இடது புட்டமென், வலது புட்டமென் என்று ஆளுக்கு நாலே நாலு எண். அந்த நாலையும் எஸ்.வி.எம். என்ற வகைப்படுத்திக்குக் கொடுத்திருக்கிறார்கள். கூடவே, நோய் இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று சொல்ல லாஜிஸ்டிக் மாடல் ஒன்றையும் போட்டிருக்கிறார்கள்.

கட்டுரையில் பிடித்தவை

குறை சொல்வதற்கு முன் நியாயமாகச் சொல்ல வேண்டியவை உண்டு. தரவு எங்கேயோ பூட்டி வைத்தது அல்ல. மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் அறக்கட்டளையின் ஆதரவில் 2010இல் தொடங்கிய பி.பி.எம்.ஐ. என்ற பன்னாட்டு ஆய்வின் தரவு. விண்ணப்பம் போட்டால் ஆராய்ச்சிக்குக் கொடுப்பார்கள். மாடல் நாலு எண்ணில் வேலை செய்வதால் எதைப் பார்த்து முடிவெடுத்தது என்று மனிதனுக்குப் புரியும். ஆளுக்கு ஒரு வரிசை என்பதால், பின்னால் நான் சொல்லப்போகும் ‘கசிவு’ என்ற பெரிய வியாதியும் இதில் இல்லை. இந்த ரகக் கட்டுரைகளில் இது சுத்தமானது. அதனால்தான் இதை எடுத்தேன். மோசமான கட்டுரையைப் போட்டு அடிப்பதில் எனக்கும் உங்களுக்கும் லாபம் இல்லை.

சிக்கல்: வட்டம்

பி.பி.எம்.ஐ.யில் பார்க்கின்சன் குழுவில் யாரைச் சேர்த்தார்கள்? புதிதாக நோய் கண்டறியப்பட்டு, இன்னும் மருந்து ஆரம்பிக்காதவர்களை. சரி. ஆனால் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. டோபமைன் டிரான்ஸ்போர்ட்டர் ஸ்கேனில் குறைபாடு தெரிந்திருக்க வேண்டும். டாக்டர் பார்க்கின்சன் என்று சொல்லியும் ஸ்கேன் நார்மலாக வந்தவர்களை ‘ஸ்வெட்’ என்று தனிக் குழுவாக ஒதுக்கிவிட்டார்கள். ஆரம்பக் கட்டத்தில் பார்க்கின்சன் குழுவில் 423 பேர், ஆரோக்கியமானவர்கள் 196 பேர், ஸ்வெட் 64 பேர்.

யோசித்துப் பாருங்கள். ஸ்கேனில் குறை இருப்பவர்களை மட்டும் ஒரு குழுவில் போட்டாச்சு. அடுத்து, அதே ஸ்கேனின் எண்களை மாடலுக்குக் கொடுத்து ‘இவர் எந்தக் குழு?’ என்று கேட்கிறோம். 96 வராமல் என்ன செய்யும்? உயரம் ஆறடிக்கு மேல் இருப்பவர்களை மட்டும் கூடைப்பந்து அணிக்கு எடுத்துவிட்டு, உயரத்தை அளந்தே அணியில் இருப்பவரைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்கிற மாதிரி.

பி.பி.எம்.ஐ.யைக் குறை சொல்லவில்லை. நோய் எப்படி முன்னேறுகிறது என்று பல வருஷம் பின்தொடர்வது அவர்கள் நோக்கம். அதற்குச் சந்தேகமில்லாத நோயாளிகள் வேண்டும். அப்படி வடிகட்டிய தரவை, நோயைக் கண்டறிவதற்கான பரீட்சையாக வைக்கும்போதுதான் சிக்கல்.

ஒதுக்கப்பட்ட கூட்டம் சின்னதும் இல்லை. 2004இல் வெளியான எல்டோபா என்ற மருந்துச் சோதனையில், நிபுணர்கள் ஆரம்பநிலைப் பார்க்கின்சன் என்று சேர்த்தவர்களில் ஒரு பகுதியினருக்கு இதே வகை ஸ்கேன் எடுத்தார்கள். அதில் ஏறக்குறைய 14 சதவீதம் பேருக்கு ஸ்கேன் நார்மல். ஏழில் ஒருவர். டாக்டர் குழம்பும் இடம் அதுதான், உதவி வேண்டியதும் அங்கேதான். மாடலின் பரீட்சைத் தாளில் அந்தக் கேள்வியே இல்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. 2012இல் ‘நியூராலஜி’ இதழில் டி லா ஃபுவெந்தே ஃபெர்னாண்டஸ் என்பவர் எழுதியது. டாக்டரின் முடிவும் ஸ்கேனின் முடிவும் 100 பேரில் 84 பேரிடம் ஒத்துப்போகிறது என்று வையுங்கள். டாக்டரை உண்மை என்று வைத்தால் ஸ்கேனின் துல்லியம் 84. ஸ்கேனை உண்மை என்று வைத்தால் டாக்டரின் துல்லியமும் 84. கணக்கு அப்படி. ஏற்கெனவே வெளியான ஆய்வுகளை எடுத்துப் பார்த்து, ஆரம்பநிலையில் 84, நோய் நன்றாக வெளிப்பட்ட பிறகு 98 என்று இரண்டுக்கும் ஒரே எண்தான் வருகிறது என்று காட்டினார். ஸ்கேன் டாக்டரைவிடத் துல்லியம் என்று இந்த மாதிரி ஆய்வை வைத்துச் சொல்லவே முடியாது.

உண்மையான விடைத்தாள் இறந்த பிறகு மூளையை வெட்டி நுண்ணோக்கியில் பார்ப்பதுதான். 1992இல் லண்டனில் ஹியூஸ் குழுவினர், வாழ்ந்த காலத்தில் பார்க்கின்சன் என்று சொல்லப்பட்ட 100 பேரின் மூளையைப் பார்த்ததில் 76 பேருக்குத்தான் அது உறுதியானது. 2016இல் ரிஸ்ஸோ குழுவினர் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்தபோது டாக்டர்களின் துல்லியம் 80.6 சதவீதம் என்று வந்தது. விடைத்தாள் எழுதுகிறவரே ஐந்தில் ஒன்று தப்பு விடுகிறார். அவர் எழுதியதை வைத்துப் படித்த மாடல் 98 வாங்கினால், அவர் விட்ட தப்பையும் சேர்த்தே மனப்பாடம் செய்திருக்கிறது என்றுதான் பொருள்.

எங்கள் தெருவில் கேட்ட கேள்வி

இதெல்லாம் இங்கே திருவண்ணாமலையில் யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம்.

எங்கள் தெருவில் ஒரு அம்மா, வயது 68. பௌர்ணமி தவறாமல் 14 கிலோமீட்டர் கிரிவலம் போனவர். ஒரு கட்டத்தில் நடை சுருங்கிவிட்டது. கையை வீசாமல் உடம்போடு ஒட்டி வைத்து நடந்தார். முகத்தில் சிரிப்பு வரவில்லை. கை லேசாக நடுக்கம். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ‘வயதுக்கேற்ற சுருக்கம்’ என்று ரிப்போர்ட். அவர் மகன் ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். “அண்ணா, கம்ப்யூட்டர் வெச்சு ஏதோ ஸ்கேன்லயே 96 பர்சன்ட் கண்டுபிடிச்சுடறாங்களாமே, சென்னைக்குக் கூட்டிட்டுப் போய் அதை எடுத்துடலாமா?” என்று கேட்டார். நகையை வைத்துப் பணம் புரட்டத் தயாராக இருந்தார்.

“அதுக்கு முன்னாடி ஒரு நரம்பு டாக்டர்கிட்ட காட்டுங்க தம்பி. ஸ்கேன் வேணுமா வேணாமான்னு அவர் சொல்லட்டும்” என்றேன்.

வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனார்கள். அங்கே ஒரு இளம் டாக்டர் ஸ்கேன் உறையைப் பிரிப்பதற்கு முன்னால், சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் மேசையில் கொட்டச் சொல்லியிருக்கிறார். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளோடு ‘கேஸ் மாத்திரை’ ஒன்றும் இருந்தது. ஒன்றரை வருஷமாகக் கடையில் வாங்கித் தினமும் போட்டுக்கொண்டிருந்தது. அதில் அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு லெவோசல்பிரைடு சேர்ந்திருந்தது. அது டோபமைன் ஏற்பிகளை அடைக்கும் மருந்து. டாக்டர் அதை நிறுத்தினார். உடனே ஒன்றும் நடக்கவில்லை. சில மாதங்களில் நடை தளர்ந்து இயல்பானது, கை வீச ஆரம்பித்தது.

மருந்தால் வரும் பார்க்கின்சனிசம் என்பது மருத்துவப் பாடப்புத்தகத்தில் இருக்கும் சாதாரண விஷயம். லெவோசல்பிரைடு மட்டுமில்லை. வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, தலைச்சுற்றலுக்குக் கொடுக்கும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் ஃப்ளூனரிசின், மனநலத்துக்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் என்று பட்டியல் நீளம். (இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். குறிப்பாக மனநல மருந்துகளை. டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.)

இப்போ கட்டுரைக்குத் திரும்புவோம். அந்த வீட்டின் கேள்வி என்ன? ‘இந்த அம்மாவுக்குப் பார்க்கின்சனா, இல்லை ஆரோக்கியமா?’ என்பது இல்லை. ஆரோக்கியம் இல்லை என்று தெருவுக்கே தெரியும். பார்க்கின்சனா, மாத்திரையா, பரம்பரையாக வரும் சாதாரண நடுக்கமா, மூளை ரத்தக்குழாய் அடைப்பா, வேறு அரிய நோயா என்பதுதான் கேள்வி. கட்டுரை விடை சொன்னது முதல் கேள்விக்கு. ஆஸ்பத்திரியில் யாரும் கேட்காத கேள்வி அது.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்த ஸ்கேனுக்கு இங்கே நிஜமாகவே வேலை உண்டு. இந்த மருந்துகள் ஏற்பியைத்தான் அடைக்கின்றன. டிரான்ஸ்போர்ட்டர் முனைகள் அப்படியே இருக்கும். அதனால் மருந்தால் வந்ததென்றால் ஸ்கேன் பொதுவாக நார்மலாக வரும். மருந்தை நிறுத்தியும் குறையாமல், அடியில் பார்க்கின்சன் ஒளிந்திருக்கிறதோ என்ற சந்தேகம் வந்தால் ஸ்கேன் உதவும். அமெரிக்காவில் 2011இல் இதற்கு அனுமதி கொடுத்ததும் பார்க்கின்சன் வகை நோய்களைச் சாதாரண நடுக்கத்திலிருந்து பிரித்துப் பார்க்கத்தான். 2022இல் லூயி பாடி மறதிநோய் என்று சந்தேகிக்கப்படுபவர்களுக்கும் அனுமதி வந்தது. ஆனால் பார்க்கின்சனையும், அதைப் போலவே தோன்றும் பி.எஸ்.பி., எம்.எஸ்.ஏ. ஆகியவற்றையும் இந்த ஸ்கேனால் ஒன்றிலிருந்து ஒன்று நம்பகமாகப் பிரிக்க முடியாது. மூன்றிலும் முனைகள் அழிகின்றன.

அங்கே பழைய எம்.ஆர்.ஐ. கைகொடுக்கும். பி.எஸ்.பி.யில் நடுமூளை சுருங்கி, பக்கவாட்டில் பார்த்தால் ஹம்மிங்பேர்ட் பறவை மாதிரி தெரியும். எம்.எஸ்.ஏ.யின் ஒரு வகையில் மூளைத்தண்டில் சிலுவைக் குறி விழும். இளவயதில் நடுக்கம் வந்தால், தாமிரம் சேரும் வில்சன் நோய்க்கு நடுமூளையில் பாண்டா முகம் தெரியலாம். அது மருந்துக்குக் கட்டுப்படும் நோய், தவறவிடக் கூடாது. மூளையில் நீர் கோத்து நடை கெடுவதும் எம்.ஆர்.ஐ.யில் தெரியும். ஸ்கேன் வீண் என்பது என் வாதம் இல்லை. எந்த ஸ்கேன் எந்தக் கேள்விக்கு என்பதுதான் என் வாதம்.

கசிவு

பின்னால் வந்த பல கட்டுரைகளில் இன்னொரு நோய் இருக்கிறது. ஒருவருடைய மூளை ஸ்கேனை நூற்றுக்கணக்கான வெட்டுப் படங்களாக்கி, எல்லாரின் படங்களையும் ஒரே கூடையில் போட்டுக் குலுக்கி, 80 சதவீதத்தைப் பயிற்சிக்கும் 20 சதவீதத்தைச் சோதனைக்கும் எடுப்பது. அப்போ ஒரே ஆளின் பக்கத்துப் பக்கத்து வெட்டுகள் இரண்டு பக்கமும் போய்விடும். மாடல் நோயைப் படிப்பதில்லை, ஆளை அடையாளம் வைத்துக்கொள்கிறது.

2021இல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் யாகிஸ் குழுவினர் இதை அளந்து பார்த்தார்கள். அல்சைமர், பார்க்கின்சன் தரவுகளில், இந்தத் தப்பால் மட்டும் துல்லியம் எவ்வளவு ஊதிப் பெருக்கிறது என்று. பி.பி.எம்.ஐ. எம்.ஆர்.ஐ. படங்களில் 48 சதவீதம் கூடியது. அடுத்துச் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நோயாளி, ஆரோக்கியமானவர் என்ற பெயர்ச்சீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றி ஒட்டிவிட்டு அதே மாடலை ஓட்டினார்கள். அர்த்தமே இல்லாத அந்தச் சீட்டுகளுக்கும் சுமார் 96 சதவீதம் வந்தது! ஆள்வாரியாகப் பிரித்து ஓட்டியதும் 50க்கு இறங்கியது. நாணயம் சுண்டிப் போடுவது மாதிரி.

அன்றிலிருந்து இந்த ரகக் கட்டுரை எதை எடுத்தாலும் நான் முதலில் தேடுவது முடிவுரையை அல்ல. தரவை ஆள்வாரியாகப் பிரித்தார்களா, வெட்டுவாரியாகப் பிரித்தார்களா என்ற ஒரு வரியை. அந்த வரி இல்லையென்றால் மேலே படிப்பதில்லை.

இங்கே கொண்டுவந்தால்?

இன்னும் ஒரு தடை. பி.பி.எம்.ஐ.யில் பயன்படுத்திய மருந்து அயோடின் 123 கலந்த அயோஃப்ளுபேன். சைக்ளோட்ரானில் தயாரிக்க வேண்டும், அரைவாழ்வு 13 மணி நேரம். நம் நாட்டில் அதிகம் புழங்குவது டெக்னீசியம் 99எம் கலந்த டிரோடாட். எலும்பு ஸ்கேனுக்கு வைத்திருக்கும் அதே ஜெனரேட்டரிலிருந்து டெக்னீசியத்தை எடுக்கலாம், செலவும் குறைவு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹாங்க் குங் குழுவினர் உருவாக்கியது. ஆனால் டிரோடாட்டில் கிடைக்கும் விகிதங்கள் பொதுவாகக் குறைவு, நோயாளிக்கும் ஆரோக்கியமானவருக்கும் இடையிலான இடைவெளியும் குறுகல். அயோஃப்ளுபேன் எண்ணில் பழகிய மாடலுக்கு டிரோடாட் எண்ணைக் கொடுப்பது, கிலோவில் பழகிய தராசில் பவுண்டு கணக்கில் எடை போடுவது மாதிரி. அதோடு பி.பி.எம்.ஐ.யில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். நம் வயதானவர்களின் எண்கள் எப்படி இருக்கும் என்று இங்கே அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நோய் வரும் அபாயத்தைக் கணிப்பதற்கும் மாடல் பயன்படும் என்று கட்டுரை சொல்கிறது. அதையும் போட்டுப் பார்த்துவிடுவோம். 60 வயதுக்கு மேற்பட்டோரில் சுமார் 1 சதவீதம் பேருக்குப் பார்க்கின்சன் இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. கிரிவலப் பாதையில் அந்த வயதுக்காரர்கள் 1000 பேரை நிறுத்தினால் 10 பேர். மாடல் நோயாளிகளில் 97 சதவீதத்தைப் பிடிக்கும், ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அந்தப் பத்துப் பேரும் ஏறக்குறைய மாட்டுவார்கள். கூடவே நோயில்லாத 990 பேரில் 5 சதவீதம், அதாவது 50 பேரும் மாட்டுவார்கள். ‘உனக்குப் பார்க்கின்சன்’ என்று சொல்லப்பட்ட 60 பேரில் 50 பேர் சும்மா பயந்து சாவார்கள்.

நான் படிக்க விரும்பும் கட்டுரை

தமிழ்நாட்டில் யாராவது இதைச் செய்தால் முதல் ஆளாகப் படிப்பேன். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நரம்பியல் பிரிவுக்கு நடுக்கம், நடை மந்தம் என்று வருகிறவர்களை வடிகட்டாமல் வரிசையாகச் சேர்க்க வேண்டும். குழப்பமான கேஸ்களையும் விடாமல். முதல் நாளே டாக்டரின் கணிப்பை எழுதி உறையில் போட்டுவிட வேண்டும், மாத்திரைப் பட்டியலோடு. டிரோடாட் எடுத்து மாடலின் கணிப்பையும் தனியாக எழுதி வைக்க வேண்டும். இரண்டு மூன்று வருஷம் பின்தொடர்ந்து, ஸ்கேன் முடிவு தெரியாத இன்னொரு நிபுணர் கடைசி முடிவைச் சொல்ல வேண்டும். பிறகு உறைகளைப் பிரிக்கலாம். டாக்டர் தடுமாறிய இடத்தில் மாடல் எத்தனை முறை சரியாகச் சொன்னது என்ற ஒரு எண் போதும். அது 70 என்று வந்தாலும் 96ஐவிட எனக்குப் பெரிது.

அதுவரை, வீட்டில் ஒரு பெரியவருக்குக் கை நடுங்கினால் ஸ்கேன் உறையோடு மாத்திரைப் பையையும் எடுத்துக்கொண்டு போங்கள். கடையில் கேட்டு வாங்கிய கேஸ் மாத்திரை, தலைச்சுற்றல் மாத்திரை எதையும் விட்டுவிடாமல்.